தேன் பெட்டி வீட்டிலேயே அடிக்க: 6,000 ரூபாய்க்குள் ஆறு பெட்டி முடியுமா?

சிற்றாறு (குலசேகரம்)

எல்லோருக்கும் வணக்கம். குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரருக்குப் பால் வெட்டும் வேலை. மாமியார் வைத்திருந்த தேன் பெட்டிகளில் நான்கு இன்னும் நன்றாக இருக்கின்றன, அவற்றை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் ஆறு பெட்டி வைத்துக்கொள்ளத் தோட்டக்காரர் சம்மதித்துவிட்டார். வாடகை வேண்டாம், வருஷத்துக்கு இரண்டு குப்பி தேன் தந்தால் போதும் என்கிறார்.

கடையில் ஆறு பெட்டி வாங்கப் பணம் இல்லை. குழுவில் எடுத்த கடனில் 6,000 ரூபாய் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். சமையலறைக்குப் பின்னால் ஓடு போட்ட சாய்ப்பு ஒன்று இருக்கிறது, எட்டடிக்கு ஆறடி. கைவாள், சுத்தியல், ஒரு டிரில், உளி ஒன்று கையில் உண்டு. தச்சு வேலை முறையாகப் படித்ததில்லை. ஆனால் கோழிக்கூடு, அலமாரித் தட்டு எல்லாம் நானே அடித்திருக்கிறேன்.

கேள்விகள் மூன்று. தோட்டத்தில் வெட்டிப் போட்ட ரப்பர் தடி சும்மாவே கிடைக்கும், பெட்டிக்கு ஆகுமா? அறுப்பதற்கு மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டினால் போதும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறான், வாங்கலாமா? பிளைவுட்டில் அடித்தால் வேலை சீக்கிரம் முடியுமா? தை பிறந்து ரப்பர் தளிர்ப்பதற்குள் பெட்டி தயாராக வேண்டும்.

கருங்கல்காரன்

சகோதரி, வெளிப்படையாகச் சொல்கிறேன். மார்த்தாண்டத்தில் பெட்டி அடித்து விற்பவர்கள் ஒரே நாளில் டஜன் கணக்கில் அறுத்துத் தள்ளுகிறார்கள். நாம் சாய்ப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அறுத்து எப்போது முடிப்பது? கூலியைக் கணக்குப் போட்டால் கடைப் பெட்டியைவிட அதிகமாகத்தான் வரும். கதர் கிராமத் தொழில் ஆணையம் 2017-இல் தொடங்கிய தேன் திட்டம் ஒன்று இருக்கிறது. பயிற்சியோடு பெட்டியும் கொடுக்கிறார்கள். அதை விசாரியுங்கள். இந்த வருஷம் கையில் உள்ள பணத்துக்கு இரண்டு பெட்டி வாங்கி வையுங்கள், அடுத்த வருஷம் மீதி.

சிற்றாறு

நன்றி அண்ணா. திட்டத்தையும் விசாரிக்கிறேன். ஆனால் அது தைக்கு முன் கைக்கு வராது. கூலி கணக்கு எனக்குப் பொருந்தவில்லை. மதியத்துக்கு மேல் நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், எனக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

அருமனை மாமா

மக்களே, வயதில் மூத்தவன் என்பதால் நீ என்றே எழுதுகிறேன். கருங்கல்காரர் சொல்வது வியாபாரத்துக்குச் சரி. ஆனால் செய்கிறேன் என்று கிளம்புகிற ஒருத்தியை வாங்கு என்று சொல்லி உட்காரவைக்க எனக்கு மனசு வராது. நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தச்சனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டுச் சாய்ப்பில் அடிப்பதெல்லாம் தேன் பெட்டிதான். எனக்கும் அடிப்பேன், கேட்கிறவர்களுக்கும் அடித்துக் கொடுப்பேன்.

முதலில் மரக் கணக்கைப் பார்த்துவிடுவோம், அதில்தான் எல்லோரும் தப்பான இடத்தில் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். நம் பக்கம் புழங்குவது நியூட்டன் பெட்டி. திருச்சியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன் நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தியத் தேனீக்கென்றே அமைத்தது. இணையத்தில் லாங்ஸ்ட்ராத் பெட்டியின் படத்தைப் பார்த்து அளவு எடுத்துவிடாதே. அது இத்தாலியத் தேனீக்கு. நம் ஈ சிறிசு, கூட்டமும் சிறிசு, அவ்வளவு பெரிய வீட்டில் வைத்தால் காவல் காக்க முடியாமல் மெழுகுப் புழுவுக்கு இடம் விட்டுவிடும். நான் மாதிரிக்கு வைத்திருக்கும் பெட்டியில், ஈ முட்டையிட்டுப் புழு வளர்க்கும் கீழ் அறையான புழு அறையின் உள் அளவு 256 மில்லி நீளம், 226 அகலம், 160 உயரம். பலகை 15 மில்லி. ஈ அடை கட்டுவதற்காக உள்ளே தொங்கவிடும் மரச் சட்டம் ஏழு. அதன் மேல் வைக்கும் தேன் அறைக்கும் நீள அகலம் அதுவே, உயரம் மட்டும் 78.

அப்படியானால் புழு அறைக்கு 286 மில்லியில் இரண்டு துண்டு, 226-இல் இரண்டு துண்டு. மொத்தம் 1,024 மில்லி. வாள் தின்பதையும் சேர்த்து மூன்றரை அடிப் பலகையில் ஒரு புழு அறை முடிந்துவிடும். அதே 160 மில்லிப் பலகையை நீளவாக்கில் நடுவே அறுத்தால் 78 மில்லியில் இரண்டு பட்டை கிடைக்கும், அதில் இரண்டு தேன் அறை. ஒரு பெட்டிக்கு ஐந்தேகால் அடி, ஆறு பெட்டிக்கு 32 அடி. அடிப்பலகை, மூடி, இழைப்பில் போவது, வெடிப்பில் கழிவது எல்லாம் சேர்த்தாலும் இரண்டரைக் கன அடி தடி இருந்தால் மிஞ்சும். இவ்வளவுதான் மரம்! இதில் மட்டமான தடியைத் தேடி எவ்வளவு மிச்சம் பிடிக்கப் போகிறாய்? சில நூறு ரூபாய். அந்தச் சில நூறுக்காகப் பெட்டியின் ஆயுசை விற்காதே.

அதனால் ரப்பர் தடி வேண்டாம். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், வெட்டிப் போட்ட கொஞ்ச நாளிலேயே நீலம் பூக்கும், அப்புறம் துளைக்கிற வண்டு வரும். 2017 நவம்பர் கடைசியில் ஓக்கி அடித்து நம் பக்கத்துத் தோட்டமெல்லாம் சாய்ந்து கிடந்ததே, அப்போது சும்மா கிடைக்கிறது என்று ரப்பர் தடியில் பெட்டி அடித்தவர்கள் இருக்கிறார்கள். பலகையின் அடியில் மாவு மாதிரி தூள் கொட்ட ஆரம்பித்ததும் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்காலி, கட்டில் செய்கிற கம்பெனிகள் ரப்பர் தடியைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊறவைத்துத்தான் எடுக்கின்றன. வீட்டுக்குள் போடும் கட்டிலுக்கு அது சரி. போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறும் சரக்கு, மழையில் நிற்கும் பெட்டியில் நிலைக்காது. அதோடு போரிக் அமிலம் எறும்புக்கும் கரப்பானுக்கும் நாம் வைக்கிற விஷம். ஈ குடியிருக்கிற வீட்டில் அதைக் கொண்டுபோய் ஏன் ஊறவைப்பது?

என்ன வாங்கலாம் என்றால், பழைய வீடு இடிக்கிற இடத்தில் மச்சுப் பலகை, அதாவது மரத்தால் போட்ட மேல்தளப் பலகை கேள். தக்கலை, திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளை இடித்து வார்ப்பு வீடு கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மச்சு பெரும்பாலும் அயனி அல்லது பலா. இரண்டும் தண்ணீருக்கும் செல்லுக்கும் (கரையானுக்கும்) அசையாத தடி. அயனியில்தான் கடற்கரையில் வள்ளமே கட்டினார்கள். தாத்தா காலத்தில் ஏற்றிய பலகை, காய வேண்டிய அளவுக்குக் காய்ந்திருக்கும். நீளத் துண்டை ஆசாரிமார் நிலைக்கும் கதவுக்கும் எடுத்துக்கொள்வார்கள். மூன்றடி, நாலடித் துண்டு கேட்பாரில்லாமல் கிடக்கும். நமக்கு அதுதானே வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, செல்லுக்கு மருந்து அடித்த பலகையா என்று மூக்கால் பார். மண்ணெண்ணெய் வாடையோ மருந்து வாடையோ இருந்தால் இலவசமாகத் தந்தாலும் தொடாதே. பழைய பெயின்ட் இருக்கிற பக்கத்தை முழுதாக இழைத்துத் தள்ளாமல் உள்பக்கம் வைக்காதே.

பச்சைத் தடி ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தேன் பெட்டி கெடுவது முக்கால்வாசி இதில்தான். மரம் காயும்போது நீளத்தில் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். பெட்டியில் பலகையின் அகலம் எங்கே நிற்கிறது? உயரமாக நிற்கிறது. 160 மில்லி என்று பச்சைப் பலகையில் அறுத்து அடித்தால் மேடத்து (சித்திரை) வெயிலில் அதில் ஐந்தாறு மில்லி காணாமல் போய்விடும். போனால் என்ன என்று கேட்பாய். சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில், மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவில், ஈ நடக்கிற வழி என்று ஒன்று உண்டு. 7 முதல் 9 மில்லி. அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851-இல் இதைக் கவனித்து அதற்கேற்ற மாதிரி பெட்டி அமைத்தார், அதனால்தான் இன்று நாம் சட்டத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க முடிகிறது. அந்த வழி குறுகினால் ஈ மெழுகு வைத்து ஒட்டிவிடும், கூடினால் அங்கேயே ஒரு துண்டு அடை கட்டிவிடும். இரண்டில் எது நடந்தாலும் நீ சட்டத்தை எடுக்கும்போது அடை பிய்யும், புழு நசுங்கும், ராணியும் நசுங்கலாம். நம் ஈக்குத் தொந்தரவு அதிகமானால் கூட்டைக் காலி பண்ணிவிட்டுப் போய்விடும். அதற்கு நம்மிடம் வாடகை பாக்கியா இருக்கிறது, நின்று பேச?

ஆகவே பணத்தில் பெரிய பங்கைச் சட்டத்துக்குப் போடு. சட்டத்தை வாங்கு, பெட்டியை மட்டும் நீ அடி. ஆறு பெட்டிக்குப் புழு அறைச் சட்டம் 42, தேன் அறைச் சட்டம் 42. ஒரு சட்டத்துக்கு நாலு சில்லு, எல்லாம் மில்லிக் கணக்கு. கைவாளால் அதை அறுக்க உட்கார்ந்தால் தை போய்ச் சித்திரை வந்துவிடும். மார்த்தாண்டத்தில் சட்டம் தனியாகவே கிடைக்கும். முதலில் சட்டத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதை அளந்து பெட்டி அடி. ஒரே கடையில், ஒரே அடுக்கிலிருந்து எடு. கடைக்குக் கடை இரண்டு மூன்று மில்லி வித்தியாசம் வரும். உன் மாமியார் பெட்டிகளில் அந்தச் சட்டம் மாற்றிப் போட்டால் உட்காருகிறதா என்றும் பார்த்துவிடு. பத்துப் பெட்டியும் ஒரே அளவில் இருந்தால்தான் ஒன்றிலிருந்து புழு அடையை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும். என் கையில் இருக்கும் பெட்டியின் அளவைச் சொன்னேன் என்பதற்காக அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே.

இனி அறுப்பு. மார்பிள் கட்டர் வாங்காதே. கல் அறுக்கிற வேகத்துக்குச் செய்த மிஷின் அது. பல் பிளேடு மாட்டினால் மரத்தைக் கவ்வி எதிர்ப்பக்கம் உதறும். அதில் விரல் விட்டவர்களை நான் பட்டறையில் இருந்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன். தடி மில்லுக்குப் போ. பலகைகளைக் கொடுத்து 15 மில்லி கனத்துக்கு இழைத்து, 160-க்கு அகலம் அறுத்து, பாதியை 78-க்குக் கீறித் தரச் சொல். கூட்டமில்லாத மதிய நேரத்தில் போனால் சின்ன வேலைக்கும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆணி எதுவும் பலகையில் இல்லை என்று நீயே பார்த்துப் பிடுங்கிவிட்டுக் கொண்டுபோ. அவர்கள் பிளேடில் ஒரு ஆணி மாட்டினால் அடுத்த முறை உன்னை வாசலிலேயே நிறுத்துவார்கள். நீள அறுப்பு முடிந்துவிட்டால் வீட்டில் உனக்கு மிச்சம் குறுக்கறுப்புதான். ஒரு அறைக்கு நான்கு துண்டு, கைவாளுக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு துண்டையும் டேப் வைத்து அளக்காதே. முதல் துண்டைச் சரியாக அறுத்து, அதையே மாதிரியாக வைத்து மற்றதெல்லாம் கோடு போடு.

வாங்க வேண்டிய கருவி ஒன்றே ஒன்று, நல்ல மூலைமட்டம். வாளைச் சாணை பிடிக்கக் கொடு, புதுசு வாங்காதே. கிளாம்ப் வேண்டாம், பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி வைத்துக்கொள். பசை தடவிச் சேர்த்ததும் டியூபை இழுத்து இழுத்து நாலு சுற்று சுற்றினால் நாலு மூலையும் ஒரே மாதிரி இறுகும். காய்வதற்கு முன் மூலைக்கு மூலை குறுக்காக அள. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரம். கூடுதலாக இருக்கும் மூலையை உள்ளங்கையால் ஒரு தட்டு, சரியாகிவிடும். அதற்குப் பிறகு ஸ்க்ரூ. அயனியும் பலாவும் கடினம், ஸ்க்ரூவைவிடச் சின்ன பிட்டால் முதலில் துளை போடாவிட்டால் ஓரம் பிளந்துகொள்ளும். வெறும் ஆணி அடித்தால் பலகையின் தலைப்பகுதியில் பிடிக்காது, ஒரு மழைக்காலம் கழிந்ததும் பல்லிளிக்கும். பசை, தண்ணீர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். ஃபெவிகாலில் மரைன் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

பிளைவுட்டைப் பற்றிக் கேட்டாய். ஐ.எஸ். 303 என்று முத்திரை உள்ளதில் சாதாரண ரகம் வீட்டுக்குள் போடுவது, நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஒரே வருஷத்தில் இதழ் இதழாக விரியும். 710 முத்திரை உள்ள மரைன் பிளை தாங்கும், ஆனால் அந்த விலைக்கு அயனியே வாங்கிவிடலாம். மூடிக்கு மட்டும் பிளை போட்டு மேலே தகடு அடித்துக்கொள்.

கொல்லங்கோடு கடற்கரை

மாமா சொன்னதோடு இரண்டு யோசனை. நம் ஊரில் முந்திரி ஆலைகள் நிறைய இருக்கின்றன. முந்திரி ஓட்டு எண்ணெய் வாங்கிப் பெட்டிக்கு இரண்டு பூச்சு கொடுத்தால் செல் பக்கத்திலேயே வராது. வள்ளத்துக்கே அதைத்தான் பூசுவோம். இன்னொன்று, இறக்குமதியாகும் மிஷின்களைப் பொதிந்து வரும் பைன் மரப் பலகைகள் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும். இழைத்தால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், அறுக்கவும் சுலபம்.

அருமனை மாமா

வள்ளத்தில் ஈ குடியிருப்பதில்லையே கடற்கரைக்காரரே! முந்திரி ஓட்டு எண்ணெய் கையில் பட்டால் கொப்பளம் போடும் சரக்கு. பெட்டி நிற்கிற காலுக்கு, ஸ்டாண்டுக்குப் பூசலாம், அங்கே அது அருமையான சாமான். பெட்டியில் வேண்டாம். பெட்டிக்கு வெளியே மட்டும் பிரைமர் அடித்து, மேலே வெளிர் நிறத்தில் எனாமல் இரண்டு பூச்சு. உள்ளே ஒன்றுமே பூசக் கூடாது, வெறும் மரமாக இருக்கட்டும். பெயின்ட் வாடை முழுவதும் போகும்வரை சாய்ப்பில் காற்றாட வைத்து, கூடு மாற்றுவதற்கு முந்தின நாள் பழைய அடையை உருக்கிய மெழுகை உள்ளே தேய்த்துவிட்டால் ஈ நம் வீடுதான் என்று நினைத்து உட்காரும்.

பைன் பலகை நல்ல யோசனைதான், ஒரு நிபந்தனையோடு. வெளிநாட்டிலிருந்து வரும் பலகையில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்று ஆங்கிலத்தில் இருந்தால் சூடு காட்டிப் பூச்சி போக்கியது, எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை விட்டுவிடு. முத்திரையே இல்லாவிட்டாலும் விட்டுவிடு, அதன் மேல் என்னென்ன கொட்டியது என்று யாருக்குத் தெரியும். பைன் மழை தாங்காது என்பதையும் மறக்காதே. பெயின்ட்டை வருஷா வருஷம் பார்க்க வேண்டியிருக்கும்.

திங்கள்சந்தை அக்கா

இதில் யாரும் பழைய பெட்டியைப் பற்றிப் பேசவில்லையே. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பரணில் காலிப் பெட்டி கிடக்கும். 1937-இல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து நம் ஜனங்களுக்கு இது துணைத் தொழில்தான். 1991, 92-இல் தாய்லாந்து சாக் புரூட் என்ற, தேனீப் புழுவைக் கொல்லும் வைரஸ் வந்து கூடு கூடாக அழிந்தபோது எவ்வளவோ பேர் விட்டுவிட்டார்கள். அப்பா அன்றைக்குச் சுருட்டி வைத்த பெட்டிகள் எங்கள் வீட்டிலேயே இருந்தன. நான் அதில் நல்ல பலகையை மட்டும் எடுத்துப் புதிதாக அடித்தேன். பழைய அடை, சட்டம் எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். பலகையைச் சுரண்டி, சோடா உப்புப் போட்ட கொதிதண்ணீரில் கழுவி, வெயிலில் போட்டு, கடைசியாக உள்பக்கம் முழுக்க ஊதுவிளக்கால் லேசாகப் பழுப்பு நிறம் வரும்வரை நெருப்புக் காட்டினேன். மூலை இடுக்குகளில் மெழுகுப் புழு முட்டை இருந்தாலும் அதோடு தீர்ந்தது. வைரஸ் அவ்வளவு வருஷம் பலகையில் உயிரோடு இருக்காது என்று சொல்வார்கள். இருந்தாலும் நெருப்புக்குச் செலவா என்ன?

தங்கச்சி, உறவுக்காரர் வீட்டுப் பரணையெல்லாம் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மரம் வாங்கும் காசு மிச்சம். ஆனால் சமீபத்தில் கூடு செத்த பெட்டியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சிற்றாறு

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா சொன்னபடி சுற்றியதில் சித்தி வீட்டுப் பரணில் இரண்டு பெட்டி கிடைத்தது, ஒன்றின் பலகை மட்டும்தான் தேறியது. திருவட்டாறு பக்கம் ஒரு வீடு இடித்த இடத்தில் பலா மச்சுப் பலகைத் துண்டுகள் 1,700 ரூபாய்க்கு வாங்கினேன். மில் கூலி 400. சட்டம் 84-ம் மார்த்தாண்டத்திலேயே ஒரே கடையில் எடுத்தேன், 2,300 ஆயிற்று. பசை, ஸ்க்ரூ, மூலைமட்டம், பெயின்ட் எல்லாம் சேர்த்து 1,350. இன்னும் 250 ரூபாய் கையில் இருக்கிறது. மில்லுக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் என்னத்துக்கு என்று கேட்டுவிட்டு, தேன் எடுக்கும்போது ஒரு குப்பி வேண்டும் என்று சொல்லி அறுத்துக் கொடுத்தார். இதுவரை மூன்று புழு அறை சேர்த்துவிட்டேன். பலா மரத்தை அறுக்கும்போது சாய்ப்பெல்லாம் மஞ்சள் தூள், வீட்டுக்காரர் சட்டையில் கூட அந்த மணம்.

மாமா, இப்போது இரண்டு சிக்கல். சட்டத்தின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காது உட்கார முன் பலகையிலும் பின் பலகையிலும் மேல் விளிம்பில் படி மாதிரி வெட்டி எடுக்க வேண்டுமே, அது உளியால் நேராக வர மாட்டேன் என்கிறது. அப்புறம் ஒரு பெட்டியைத் திண்ணையில் வைத்தால் ஒரு மூலை தூக்கி நிற்கிறது, தட்டினால் டக் டக் என்று ஆடுகிறது. குறுக்களவு இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது.

அருமனை மாமா

250 மிச்சமா! பட்டறையில் எனக்குக் கணக்குப் பார்த்த ஆளைவிட நீ கெட்டிக்காரி.

படி எடுப்பதைப் பெட்டி சேர்த்தபிறகு செய்யாதே, பலகை தனியாக இருக்கும்போதே செய். இரண்டு கோடு போடு. மேல் விளிம்பில் ஒரு கோடு, காது எவ்வளவு தூரம் உட்கார வேண்டுமோ அந்த அகலத்துக்கு. உள்முகத்தில் ஒரு கோடு, காதின் கனத்தோடு மேலே ஈ நடக்கிற வழியும் சேர்த்து வரும் ஆழத்துக்கு. கோட்டைப் பென்சிலால் போடாதே. கூரான கத்தியால் மட்டத்தை அணைத்து இரண்டு மூன்று முறை கீறு. அந்தக் கீறலில் வாளின் பல் தானாக உட்காரும். கோட்டை ஒட்டி ஒரு நேரான சட்டத்தை ஆணியால் தற்காலிகமாக அடித்து, வாளை அதில் சாய்த்துக்கொண்டே அறு. இரண்டு பக்கமும் அறுத்தால் சில்லு தானாகக் கழன்று விழும், உளிக்கு மூலையைச் சுத்தம் செய்கிற வேலை மட்டும்தான். 226 மில்லி நீளம்தானே, கையாலேயே முடித்துவிடலாம். ஏற்கெனவே சேர்த்துவிட்ட மூன்றுக்கும் மில்லில் இருக்கும் மிஷினில் படி ஓட்டித் தருவார்களா என்று கேட்டுப் பார். ஒரு குப்பி தேன் சொல்லியிருக்கிறாரே, அதை இரண்டு குப்பியாக்கு.

ஆடுகிற பெட்டி சதுரமாகத்தான் இருக்கும், ஆனால் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு பலகை வளைந்தது. பிரித்து அடிக்க வேண்டாம். வீட்டில் மொசைக் அல்லது டைல்ஸ் தரை இருக்கிற இடத்தில் 60 நம்பர் உப்புத்தாளை நாலு தாளாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டு. பெட்டியைக் கவிழ்த்து வைத்து, இரண்டு கையாலும் சமமாக அழுத்தி வட்டமாகத் தேய். விளிம்பு முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் எங்கே இன்னும் படவில்லை என்று தெரியும். கிறுக்கல் முழுவதும் அழிந்ததும் நிறுத்து, அதற்கு மேல் ஒரு தேய்ப்பும் வேண்டாம், உயரம் குறையும். மேல் விளிம்பையும் அப்படியே செய். இதைச் செய்யாவிட்டால் புழு அறைக்கும் தேன் அறைக்கும் நடுவில் கீறல் விழும், மெழுகு அந்து அந்தக் கீறலில்தான் முட்டை வைக்கும், எறும்பும் அதில்தான் நுழையும்.

எறும்பு என்றதும் ஞாபகம் வந்தது. பெட்டியை ஒற்றைக் காலில் நிறுத்து, காலின் நடுவில் தண்ணீர் நிற்கிற மாதிரி கிண்ணம் வை. சிரட்டை வைத்தால் வெடித்து ஒழுகும், பிளாஸ்டிக் டப்பாவை அறுத்து மாட்டிக்கொள். வாசல் பக்கம் ஒரு விரல் சரிவாக இருக்கட்டும், சாரல் அடித்தாலும் தண்ணீர் வெளியே ஓடிவிடும். ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் முற்றும்போது இலைக்காம்பில் சுரக்கிறது. அதனால் புது இலை செம்பு நிறம் மாறிப் பச்சையாகும்போது தேன் அறை மேலே ஏறியிருக்க வேண்டும். புழு அறைகளை முதலில் முடித்து, இருக்கிற கூட்டைப் பிரித்து அவற்றில் வை. தேன் அறையை அதற்கப்புறம் நிதானமாக அடிக்கலாம். மூடிக்கு மேல் தகடு என்ன போடப் போகிறாய்?

சிற்றாறு

மாமா, மில்லில் படி ஓட்டிக் கொடுத்துவிட்டார், குப்பி இரண்டாகிவிட்டது. உப்புத்தாள் வேலையும் ஆயிற்று, பெட்டி இப்போது அசையவில்லை. தகடுக்குப் பாமாயில் டின்னை வெட்டிப் பரப்பலாம் என்று இருக்கிறேன். அது துருப் பிடிக்குமே என்றுதான் யோசனை. புதுத் தகடு வாங்க 250 ரூபாயில் ஆகாது.

கருங்கல்காரன்

டின் வேண்டாம். நாகர்கோவிலில் ஆஃப்செட் அச்சகங்களில் ஒரு முறை அச்சடித்துவிட்டு ஒதுக்கிய அலுமினியத் தகடு எடைக்குப் போடுவார்கள். துருவே பிடிக்காது, கத்தரிக்கோலால் வெட்டலாம், கையால் மடக்கலாம். மை இருக்கிற பக்கத்தை மேலே வைத்து, மூடிக்கு நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் கீழே மடித்துவிடுங்கள். மை வாடை போகச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். அடுத்த வாரம் வேலையாக நாகர்கோவில் போகிறேன், ஆறு மூடிக்கு வேண்டிய தகடு எடுத்து வருகிறேன், கருங்கல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மூடியின் வெளி அளவை மட்டும் எழுதிப் போடுங்கள்.

அருமனை மாமா

வாங்கிவிடுங்கள் என்று சொன்ன ஆள் இப்போது தகடு சுமக்கிறார்! கருங்கல்காரரே, எனக்கும் நாலு தகடு சேர்த்து எடுத்து வையும். மக்களே, மூடியின் அளவு கொடுக்கும்போது பெட்டியின் வெளி அளவைவிடச் சுற்றிலும் ஒரு விரல் கூட்டிக் கொடு, மழை பலகையில் வழியாமல் தள்ளி விழட்டும்.